மூன்றாவது பாட்டில் ஒரு கீறல்

"என்னைத் திருடின்னு சொன்னாக. ஊரே உக்காந்திருக்க, மைக்கைப் புடிச்சுச் சொன்னாக."

உலகம்மாள் அழவில்லை. அழுதிருந்தால் சித்ரலேகா ஒரு டம்ளர் தண்ணீரை நகர்த்தி வைத்துவிட்டுச் சற்று நேரம் சும்மா இருந்திருப்பாள். வந்த அம்மாளுக்கோ கண்ணில் ஈரம் இல்லை, கோபம் மட்டுமே இருந்தது. வண்ணார்பேட்டையில் பரோட்டாக் கடையின் மாடியில் இருந்த அந்தத் துப்பறியும் அலுவலகத்தில் ஏ.சி. இரண்டு நாளாக மூச்சுவிடவில்லை. மே மாத வெயில் காலையிலேயே ஜன்னல் வழியாக உள்ளே வந்து உட்கார்ந்திருந்தது.

"யாரும்மா சொன்னது?"

"என் வீட்டுக்காரர்."

மூலையில் நின்று சீப்பால் தலையை வாரிக்கொண்டிருந்த உதவியாளன் முகம்மது மைதீன் கையை நிறுத்தினான். "கட்டுன பொண்டாட்டியவா? வழக்கமா அதை வீட்டுக்குள்ளதான சொல்லுவாக. மைக் எதுக்கு?"

"மைதீன், வாயை மூடு" என்றாள் சித்ரலேகா. அந்த அலுவலகத்தில் தினமும் முதலில் நடக்கும் வேலை அதுதான்.

உலகம்மாள் விஷயத்தைச் சொன்னாள். அவள் கணவர் தாணுமாலையன் அரசு எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவர், பெருமாள்புரத்தில் வீடு. அவருக்கு இரண்டு தெய்வங்கள். ஒன்று நெல்லையப்பர், இன்னொன்று இசைத்தட்டு. அவளுடைய தம்பி கார்த்திகேசன் மகாராஜ நகரில் பெரிய ஸ்பீக்கர்கள் விற்கும் கடை வைத்திருப்பவன். பாட்டை ஊசி வைத்துத் தட்டில் கேட்டால்தான் அசல் என்பது அத்தான் கட்சி. அதெல்லாம் கொரகொரப்பு, கம்ப்யூட்டர் ஃபைலில் கேட்பதுதான் சுத்தம் என்பது மச்சினன் கட்சி. இதை வைத்து இருவரும் கல்யாண வீட்டிலும் அடித்துக்கொண்டார்கள், துட்டிக்குப் போன இழவு வீட்டிலும் அடித்துக்கொண்டார்கள். இதற்கெல்லாமா சண்டை என்று கேட்பவர்கள் பாளையங்கோட்டையில் ஓய்வு பெற்ற அதிகாரிகளோடு பழகாதவர்கள்.

சண்டை முற்றி, நேற்று ஓர் இசை மன்றத்தில் போட்டியே வைத்துவிட்டார்கள். 'காப்பர் லான்டர்ன்' என்றொரு வெள்ளைக்கார ராக் குழு, எழுபதுகளில் போட்ட ஆல்பம். மலை எஸ்டேட்டை விட்டு ஊருக்குப் போன துரையிடமிருந்து அதன் முதல் அச்சுத் தட்டை வாங்கி வைத்திருந்தார் தாணுமாலையன். திரைக்குப் பின்னால் ஒரு சுற்று தட்டு, ஒரு சுற்று ஃபைல். எது எது என்று சொல்லாமல் மூன்றாவது பாட்டைப் போட்டுக் காட்டுவது, எது நன்றாக இருக்கிறதோ அதற்குச் சபை கை தூக்குவது. சபை முழுக்க இரண்டாவது சுற்றுக்குக் கை தூக்கியது. திரையை விலக்கினால், இரண்டாவது சுற்று கார்த்திகேசனின் ஃபைல்.

"அதோட விட்டிருந்தா மானத்தோட போயிருக்கும்" என்றாள் உலகம்மாள். "இவுக மேடையேறித் தட்டைத் தூக்கிப் பாத்தாக. 'இது என் தட்டே இல்லை, மறுபதிப்பு, எவனோ மாத்திட்டான்'னு கத்துனாக. தட்டு இருக்க பீரோ சாவி என் இடுப்புல. அதனால நான்தான் எடுத்துத் தம்பிட்ட குடுத்தேனாம், அவன் ஜெயிக்கணும்னு. இன்னிக்கு மதியச் சாப்பாட்டுக்கு மேல போலீஸ்ல புகார் குடுக்கப் போறாகளாம். நேத்து ராத்திரி கூட்டாளி வீட்டுலதான் படுத்தேன். அம்மா, நான் எடுக்கலை. மதியத்துக்குள்ள அதை நீங்க கண்டுபிடிச்சுச் சொல்லணும். இல்லைன்னா சாகுற வரைக்கும் நான் திருடிதான்."

சித்ரலேகா பேனாவை மூடினாள். "அந்தத் தட்டுக்கு அடையாளம் ஏதாவது உண்டா?"

"எனக்கு அதெல்லாம் என்ன தெரியும்? மூணாவது பாட்டுல மேளம் அடிக்க ஆரம்பிக்கைல டிக்கு, டிக்குன்னு ஒரு சத்தம் வரும். மகன் சின்னப் பிள்ளைல நகத்தால கீறிட்டான், அதுக்கு அவனை வெளுத்தாக. வருசக் கணக்கா அடுப்படில நின்னு அதைக் கேட்டுத்தான சட்டி கழுவுனேன். இந்த ஒரு மாசமாத்தான், போட்டிக்கு முன்னால தேயக் கூடாதுன்னு போடாம வச்சிருந்தாக." அவள் சற்று யோசித்தாள். "நேத்தும் கேட்டுச்சே. ரெண்டாவது சுத்துல. அதனால நான் அதைத்தான் தட்டுன்னு நினைச்சேன். கடைசில பாத்தா அது ஃபைலுங்காக."

மைதீன் சீப்பைச் சட்டைப் பைக்குள் போட்டான். சித்ரலேகா ஏற்கெனவே எழுந்துவிட்டாள்.

"அம்மா, நீங்க இங்கனயே இருங்க. மைதீன், வண்டியை எடு."

படியிறங்கும்போது மைதீன் கேட்டான். "அக்கா, கம்ப்யூட்டர் ஃபைல்ல நகக் கீறல் எப்படி விழும்?"

"விழாது. அதைத்தான் கேக்கப் போறோம்."

---

கார்த்திகேசனின் கடைக்குள் ஆளுயர ஸ்பீக்கர்கள் சுவரோரமாக நின்றன. ஏ.சி. நன்றாக வேலை செய்தது. அந்தக் குளிரில் கார்த்திகேசன் மட்டும் சூடாக இருந்தான். உட்காரச் சொல்லவில்லை.

"யாரு அனுப்பிச்சா? அக்காவா, அந்த ஆளா?"

"உங்க அக்கா."

"அவளுக்குப் புத்தி இல்லை. முப்பத்தஞ்சு வருசம் அந்த ஆளுக்குச் சோறு பொங்கிப் போட்டா. இப்ப திருடிப் பட்டம் வாங்கியிருக்கா. நல்லா வேணும்."

"தம்பின்னா இப்படில்லா இருக்கணும்" என்றான் மைதீன்.

"ஏலே, நீ யாரு?"

"நான் தலை வாருறவன் அண்ணாச்சி. நீங்க அக்காவை வாருதீங்க, நான் தலையை வாருதேன்."

கார்த்திகேசன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான். சித்ரலேகா குறுக்கே வந்தாள். "நேத்து ஜெயிச்ச பாட்டைக் கேக்கணும். ஊரே புகழுது. நாங்க வரலை பாருங்க."

புகழ் என்றதும் எழுந்தவன் பாதியில் நின்றான். ஏதோ ஒரு ரிமோட்டை எடுத்தான். ஸ்பீக்கர்களிலிருந்து கிடார் கிளம்பியது. கண்ணாடிக் கதவு அதிர்ந்தது. முதல் பாட்டு முடியும்வரை சித்ரலேகா கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"சூப்பர்" என்றாள். "மூணாவதைப் போடுங்க."

"மூணாவது பாட்டு அவ்வளவு நல்லா இருக்காது."

"நல்லா இல்லாத பாட்டுக்கா நேத்து மன்றம் பூரா கை தூக்குனாவ?" என்றான் மைதீன்.

கார்த்திகேசன் ரிமோட்டை மேஜைமேல் வைத்தான். மைதீன் அதைப் பைய எடுத்து, இரண்டு முறை அழுத்தினான். கிடார் தனியாக அழுதது, ஒருவன் ஏதோ ஆங்கிலத்தில் முனகினான், பிறகு மேளம் விழுந்தது. மேளத்தோடு கூடவே, டிக். கொஞ்சம் விட்டு மறுபடியும் டிக். இன்னொரு டிக். பிறகு பாட்டு நிம்மதியாக ஓடியது.

மைதீன் நிறுத்தினான்.

"சுத்தமான ஃபைல்னு சொன்னீங்களே" என்றாள் சித்ரலேகா. "இதுல உங்க அக்கா மகனோட நகம் இருக்கு. இது உங்க அத்தான் தட்டுலேருந்து பதிவு பண்ணுனது. தட்டு கைல இல்லாம இதை எப்படிப் பதிவு பண்ணுவீங்க?"

"முடிஞ்சது சோலி" என்றான் மைதீன். "நேரா ஸ்டேஷன் போவோமா, இல்லை காப்பி குடிச்சிட்டுப் போவோமா?"

கார்த்திகேசனின் முகம் வெளுத்தது. ஆனால் பயந்தவனின் வெளுப்பு அல்ல அது. தோற்றுப்போனவனின் எரிச்சல். "நான் தட்டைத் தொட்டதே இல்லை" என்றான். "பதிவு பண்ணுனது நான் இல்லை. அத்தான்."

"என்னது?"

"பங்குனி உத்திரத்துக்கு அவுக சாஸ்தா கோயிலுக்கு, களக்காட்டுப் பக்கம், நான்தான் கார் ஓட்டிட்டுப் போனேன். அக்கா மொகத்துக்காகப் போனேன். வழி பாக்கணும்னு அந்த ஆளு போனை வாங்குனேன். போன் கார் ஸ்பீக்கரோட தானா சேர்ந்துக்கிட்டு, காலைல வாக்கிங்ல கேட்டுட்டுப் பாதில விட்ட பாட்டு வந்துச்சு. இந்தப் பாட்டு. இந்த டிக்கோட."

மைதீன் வாயைப் பிளந்தான். "தட்டுல கேக்காதவன் மனுசனே இல்லைன்னு ஊர் பூரா பேசுத மனுசன், காலைல காதுல மாட்டிட்டுப் போறது ஃபைலா?"

"ஆமா! முப்பது வருசமா என்னைச் செவிடன்னு சொன்ன ஆளு! அங்கனயே அந்த ஃபைலை எனக்கு அனுப்பிக்கிட்டேன். போட்டில அவன் தட்டையும் அவன் ஃபைலையும் மோதவிட்டு, ஜெயிச்ச பிறகு மேடைல சொல்லணும்னு இருந்தேன். 'உங்க போன்ல இருந்த பாட்டுதான் அத்தான், உங்களுக்கே அடையாளம் தெரியலை பாருங்க'ன்னு. அதுக்குள்ள அந்த ஆளு தட்டு திருட்டுப் போச்சுன்னு கத்திட்டான். அதுக்குப் பிறகு நான் வாயைத் திறந்தா, நான்தான் திருடிப் பதிவு பண்ணுனேன்னுதான சொல்லுவானுவ?"

"அதனால அக்காவைத் திருடின்னு சொன்னப்ப சும்மா உக்காந்திருந்தீங்க" என்றாள் சித்ரலேகா.

சித்ரலேகாவுக்கு அவனை அறையவேண்டும் போல இருந்தது. தொழில் தர்மம் தடுத்தது.

"சரி, ஒண்ணு சொல்லுங்க. முதல் சுத்துல தட்டு ஓடிச்சில்லா. அதுல டிக் வந்துச்சா?"

"வரலை. அது மறுபதிப்பு. நான்கூட அப்பவே என்னடா இதுன்னு நினைச்சேன்."

"உங்க அத்தான் எங்க இருந்தாரு?"

"முன் வரிசைல. கண்ணை மூடிக்கிட்டு."

"பாட்டு நடுவுல எந்திரிச்சாரா? ஏதாவது சொன்னாரா?"

"இல்லையே. கை தூக்கி முடிக்க வரைக்கும் அப்படியே இருந்தான்."

"எப்ப கத்துனாரு?"

கார்த்திகேசன் யோசித்தான். "சிவசைலம் அண்ணாச்சிதான் போட்டியை நடத்துனாரு. முடிஞ்ச பிறகு அவரு, 'தோத்தாலும் முதல் அச்சு முதல் அச்சுதான், அந்தத் தட்டை எடுங்க, எல்லாரும் ஒரு தடவை கண்ணால பாக்கட்டும்'னாரு. அப்பதான் இந்த ஆளு ஓடிப் போய்த் தட்டைப் புடுங்குனான்."

சித்ரலேகா சிரித்தாள். காலையிலிருந்து அவள் சிரித்தது அப்போதுதான்.

"கடையைச் சாத்துங்க. நீங்களும் வாரீங்க. மைதீன், அந்த அம்மாவைப் பெருமாள்புரத்துக்கு வரச் சொல்லு."

---

வீட்டு வாசலிலேயே சண்டை ஆரம்பித்துவிட்டது. தாணுமாலையன் கூடத்து மேஜையில் உட்கார்ந்து புகார் மனு எழுதிக்கொண்டிருந்தார். நெற்றி நிறைய திருநீறு, வெள்ளை வேட்டி, மூக்குக் கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை. மனைவியைப் பார்த்ததும் பேனாவைக் கீழே வைக்காமலேயே கத்தினார்.

"தட்டோட வந்தியா? இல்லைன்னா வாசல்லயே நில்லு. இவனை எதுக்குக் கூட்டிட்டு வந்திருக்க? ஏலே, இது சைவப் பிள்ளைமார் வீடு, திருட்டுப் பயலுவ நுழையக் கூடாது."

"நானும் அதே பிள்ளைமார்தான் அத்தான்" என்றான் கார்த்திகேசன். "திருட்டுப் பய யாருன்னு இப்பத் தெரியும்."

"ஏ மூதி..."

"ரெண்டு பேரும் நிறுத்துங்க" என்றாள் சித்ரலேகா. அவள் குரல் பெரியதில்லை. ஆனால் நிறுத்தினார்கள்.

கூடத்தின் ஒரு பக்கம் பெரிய ஸ்பீக்கர்கள் இரண்டு, நடுவே தட்டுச் சுற்றும் இயந்திரம். எதிர்ச் சுவரில் மூன்று பெரிய படங்கள். தாணுமாலையனுக்கும் உலகம்மாளுக்கும் நடந்த கல்யாணப் படம், உலகம்மாளின் தகப்பனார் படம், தாணுமாலையனின் தகப்பனார் படம். பெரியவர்கள் இருவருக்கும் சந்தனப் பொட்டு, பூச்சரம்.

சித்ரலேகா தாணுமாலையனுக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "ஐயா, உங்க தட்டு எங்க ஓடுனாலும் உங்களுக்கு அடையாளம் தெரியுமா?"

"தெரியுமாவா? ஊசி விழுந்ததும் தெரியும். தட்டுல கேட்டா பாடுறவன் எதிர்ல உக்காந்திருப்பான். போன்ல வாறதுல உசிரே கிடையாது, பொணம் பாடுத மாதிரி. இதெல்லாம் உங்களுக்கு விளங்காது."

"உங்க தட்டுல ஒரு கீறல் உண்டாமே. மூணாவது பாட்டுல."

"உண்டு. அதுக்கென்ன இப்ப?"

"நேத்து முதல் சுத்துல மூணாவது பாட்டுதான ஓடிச்சு. கீறல் சத்தம் வரலை. உங்களுக்கு ஊசி விழுந்ததும் தெரிஞ்சிருக்கும். அப்பவே ஏன் கத்தலை?"

தாணுமாலையன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சபை நாகரிகம்னு ஒண்ணு இருக்கு."

"பொண்டாட்டியை மைக்ல திருடின்னு சொல்லும்போது அது எங்கன போச்சு?" என்று கேட்டாள் உலகம்மாள்.

அவர் அவளைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. இந்த நேரத்தில் மைதீன் என்ன செய்துகொண்டிருந்தான் என்றால், படங்களுக்கு முன்னால் நின்று சீப்பை எடுத்திருந்தான். கல்யாணப் படத்தின் முன் நின்று தலையைச் சாய்த்தான். அடுத்த படத்துக்குப் போனான். மூன்றாவது படத்தின் முன் நின்று வாரத் தொடங்கினான்.

"ஏலே, படத்துக்கு முன்னால நின்னு தலை வாருத! வெளிய போ!"

"கோவப்படாதீங்க அண்ணாச்சி. இந்த வீட்டுல உங்க அப்பா மட்டுந்தான் எனக்கு மூஞ்சி காட்டுதாரு. மத்த ரெண்டு படத்துலயும் என்னையவே காணோம். பெரியவரு நல்ல மனுசன், கொஞ்சம் குனிஞ்சுகூடப் பாக்காரு."

சித்ரலேகா எழுந்து படங்களிடம் போனாள். கல்யாணப் படத்தைத் தொட்டாள். விரலில் வெறும் காகிதம் பட்டது. உலகம்மாளின் தகப்பனார் படமும் அப்படியே. இரண்டிலும் கண்ணாடி இல்லை.

"கண்ணாடி எங்கம்மா?"

"கழத்திட்டாக" என்றாள் உலகம்மாள். "போன மாசம் ஏரல்ல தங்கச்சி மகளுக்கு வளைகாப்பு. நான் போயிட்டு ரெண்டு நாள் கழிச்சு வந்தேன். வந்தா இப்படி இருக்கு. கேட்டா, கண்ணாடில சத்தம் மோதி எதிரொலிக்கு, பாட்டு கெடுதுன்னாக."

"உண்மைதான்" என்றார் தாணுமாலையன் வேகமாக. "இது சயின்ஸ். வேணும்னா என் மச்சினன்ட்ட... இவன்ட்டயே கேளுங்க."

"உண்மைதான்" என்றான் கார்த்திகேசனும், வேண்டாவெறுப்பாக. அந்த இருவரும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனது அநேகமாக அதுதான் முதல் தடவை.

"நல்ல சயின்ஸ்" என்றாள் சித்ரலேகா. "எனக்கு ஒண்ணுதான் விளங்கலை. எதிரொலி பொண்டாட்டி படத்துலயும் மாமனார் படத்துலயும் மட்டும் வருமா? உங்க அப்பா படத்துல வராதா?"

தாணுமாலையன் மூக்குக் கண்ணாடியை மறுபடியும் கழற்றித் துடைத்தார்.

"உலகம்மாளம்மா, ஏரலுக்குப் போறப்ப பீரோ சாவியை என்ன செஞ்சீங்க?"

"இவுககிட்டத்தான் குடுத்துட்டுப் போனேன்." சொல்லும்போதே அவள் குரல் மாறியது. அவள் கணவரைப் பார்த்தாள். பிறகு அந்த மூன்றாவது படத்தை, கணவரின் தகப்பனார் படத்தைப் பார்த்தாள். மைதீன் சொன்னது சரிதான். மற்ற இரண்டைவிட அது சுவரைவிட்டுச் சற்று அதிகமாகவே முன்னால் சாய்ந்திருந்தது.

சித்ரலேகா கையை நீட்டினாள்.

"அப்பா படத்தைத் தொட்டீங்க, நடக்கது வேற!" தாணுமாலையன் நாற்காலியை உதைத்துக்கொண்டு எழுந்தார். புகார் மனு தரையில் விழுந்தது. "எங்க அப்பாவை எவளும் தொடக் கூடாது!"

"நான் தொடலாம்" என்றாள் உலகம்மாள். "தெனமும் பொட்டு வச்சுப் பூப் போடுத கை இது."

அவர் தடுப்பதற்குள் அவள் படத்தைத் தூக்கிக் கழற்றிவிட்டாள். பின்னாலிருந்து, சுவருக்கும் சட்டத்துக்கும் நடுவே செருகியிருந்த கருப்புத் தட்டு ஒன்று வழுக்கிக் கீழே இறங்கியது. மைதீன் பாய்ந்து பிடித்தான்.

அதை இசைத்தட்டு என்று சொல்வதற்குத் தாராள மனசு வேண்டும். ஒரு பக்கம் பொரித்த அப்பளமாக நெளிந்திருந்தது. இன்னொரு பக்கத்தில் கோடுகளே இல்லை. அமுங்கிப் போய் வழவழவென்று மின்னியது. நடுவில் முதல் அச்சின் வட்டச் சீட்டு மட்டும் புதுக்கருக்குக் கலையாமல் இருந்தது.

கார்த்திகேசனே ஒரு கணம் துக்கப்பட்டான். "அத்தான்... என்ன செஞ்சு தொலைச்சீங்க?"

தாணுமாலையன் உட்கார்ந்துவிட்டார். "லேசா நெளிஞ்சிருந்தது. ஊசி மேல ஏறி இறங்குச்சு. போட்டிக்கு முன்னால நிமித்திரணும்னு பாத்தேன். நெட்ல ஒரு வெள்ளைக்காரன் எழுதியிருந்தான். ரெண்டு கண்ணாடிக்கு நடுவுல வச்சு, மேல பாரம் ஏத்தி, வெயில்ல ஒரு மணி நேரம் வச்சா நிமிந்துரும்னு. மொட்டை மாடில வச்சேன். மேல ரெண்டு செங்கல். எண்ணெய் தேச்சுக் குளிச்சிட்டு, சாப்பிட்டுட்டுக் கொஞ்சம் கண் அசந்துட்டேன். போய்ப் பாத்தா கண்ணாடி வெடிச்சிருக்கு, தட்டு இப்படி இருக்கு."

"அண்ணாச்சி, அவன் எந்த ஊரு வெயில்ல வைக்கச் சொன்னான்?" என்று கேட்டான் மைதீன்.

"லண்டன்காரன்."

"அவன் ஊர்ல வெயிலடிச்சா சட்டையைக் கழத்திட்டு ரோட்டுல படுப்பான். நம்ம ஊர் மாடில வச்சா வத்தல்லா ஆகும்!"

மிச்சத்தைச் சித்ரலேகா சொன்னாள். "கெட்டுப் போச்சுன்னு வெளிய சொல்ல வெக்கம். மறுபதிப்பு ஒண்ணை வாங்கிப் பழைய உறைக்குள்ள போட்டீங்க. ஜெயிச்சிருந்தா சத்தம் காட்டாம எடுத்துட்டு வந்திருப்பீங்க. தோத்ததும்கூட பேசாமத்தான் இருந்தீங்க. ஆனா சிவசைலம் தட்டை எல்லாருக்கும் காட்டணும்னாரு. காட்டுனா மறுபதிப்புன்னு சாயம் வெளுத்துரும். அதனால அவரு கை வைக்கிறதுக்கு முன்னால நீங்க முந்திக்கிட்டீங்க. திருட்டுப் போச்சுன்னா திருடினவங்க ஒருத்தர் வேணும். சாவி வச்சிருந்தவங்க பக்கத்துலயே இருந்தாங்க."

"கோவத்துல வாய்ல வந்துருச்சு" என்றார் தாணுமாலையன்.

"கோவத்துல சொன்னதை இன்னிக்குக் காலைல உக்காந்து பேப்பர்ல எழுதுவீங்களா?"

அவர் தரையில் கிடந்த மனுவைப் பார்த்தார். பிறகு மனைவியை நிமிர்ந்து பார்த்தார், நேற்றிலிருந்து முதல் முறையாக. மன்னிப்புக் கேட்கப் போகிறார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

"உலகு, நான் மனுவைக் கிழிச்சுப் போட்டுருதேன். நீ வீட்டுக்கு வந்துரு. ஆனா இது வெளிய போக வேண்டாம். உன்னைச் சொன்னது குடும்பத்து விஷயம், நாலு நாள்ல மறந்துருவாக. நானே தட்டை வெயில்ல வச்சுக் கெடுத்தேன்னு தெரிஞ்சா, அந்த மன்றத்துல நான் எப்படித் தலை நிமிந்து உக்காருவேன்?"

கூடத்தில் இருந்த ஐந்து பேரில் அப்படிச் சொன்னது எவ்வளவு கேவலம் என்று தெரியாதவர் அதைச் சொன்னவர் ஒருவர்தான்.

உலகம்மாள் கையிலிருந்த படத்தை மெதுவாகச் சுவரில் மாட்டினாள். சரிந்திருந்த பூவைச் சரிசெய்தாள். அது முடிந்த பிறகுதான் திரும்பினாள்.

"நான் திருடியா இருந்தாப் பரவாயில்லை, நீங்க முட்டாளாத் தெரியக் கூடாது. அப்படித்தான?"

"அப்படிச் சொல்லலை..."

"அப்படித்தான் சொன்னீக."

தாணுமாலையன் போனை எடுத்தார். "சரி. குரூப்ல ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டுருதேன். நேத்து வந்த எல்லாரும் அதுல இருக்காக. நான்தான் கெடுத்தேன், நீ எடுக்கலைன்னு சொல்லிருதேன். போதுமா?"

கார்த்திகேசனுக்கு உள்ளூரப் பால் வார்த்தது போல இருந்தது. அத்தான் தன் வாயாலேயே, அதுவும் போனில் பதிவாகி, ஊருக்கெல்லாம் போகப் போகிறார்.

உலகம்மாள் கையை நீட்டிப் போனை வாங்கினாள். மேஜைமேல் கவிழ்த்து வைத்தாள்.

"வேண்டாம். போன்ல வாறதுல உசிரு இல்லைன்னு இப்பதான சொன்னீக. பொணம் பாடுத மாதிரி இருக்கும்னு. என்னை நேர்ல சொன்னீக. அதையும் நேர்லதான் சொல்லணும். நேத்து மன்றத்துல இருந்த ஒவ்வொருத்தர் வீட்டுக்கும் போங்க. வாசல்ல நின்னு, எதிர்ல ஆளைப் பாத்துச் சொல்லுங்க. சிவசைலம் அண்ணாச்சி வீட்டுல ஆரம்பிங்க."

"எல்லார் வீட்டுக்குமா?"

"எல்லார் வீட்டுக்கும். அந்தத் தட்டையும் கைல எடுத்துக்கோங்க. சிவசைலம் அண்ணாச்சி பாக்கணும்னாகளே."

கார்த்திகேசன் பைய வாசல் பக்கம் நகர்ந்தான். உலகம்மாள் அவன் பக்கம் திரும்பவே இல்லை. ஆனால் அடுத்த பேச்சு அவனுக்குத்தான்.

"கார்த்தி, நீ எங்கன போற? அந்த ஃபைல் யாருதுன்னு நீ சொல்லணும்லா? நான் அவமானப்பட்டு நிக்கைல நீ ஏன் உக்காந்திருந்தேன்னும் சேத்துச் சொல்லு. நீயும் அவுககூடப் போ. கார் வேண்டாம். நடந்து போங்க, ரெண்டு பேரும் ஒண்ணா."

"இவன்கூடவா?" என்றார் தாணுமாலையன்.

"இந்த ஆளுகூடவா?" என்றான் கார்த்திகேசன்.

இருவரும் சித்ரலேகாவைப் பார்த்தார்கள். அவள் வேறு எங்கோ பார்த்தாள். மைதீனைப் பார்த்தார்கள். அவன் சட்டைப் பையிலிருந்து சீப்பை எடுத்து மரியாதையாக நீட்டினான். "நாலு வீட்டுக்குப் போறீங்க. வாரிக்கிட்டுப் போங்க அண்ணாச்சி."

தாணுமாலையன் கடைசியாக ஒரு முயற்சி செய்தார். "உலகு, மணி பன்னெண்டு ஆகுது. வெளிய பாரு, வெயில் எப்படிக் கொளுத்துதுன்னு."

உலகம்மாள் வாசல் கதவை அகலத் திறந்து வைத்தாள்.

"நீங்க திரும்பி வந்த பிறகு யோசிக்கேன், இங்கன இருக்கதா, கூட்டாளி வீட்டுக்கே போயிருததான்னு. எல்லா வீட்டுக்கும் போனீகளான்னு நான் விசாரிப்பேன்."

தெருவில் ஓர் ஆள் நடமாட்டம் இல்லை. தாணுமாலையன் வளைந்த தட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, குனிந்து செருப்பைத் தேடினார்.